ஹட் பேவுக்குக் கொண்டுபோன வயிறு

சென்னை விமான நிலையத்தில் என் பெட்டியை மட்டும் ஓரமாக ஒதுக்கி வைத்தார்கள். சீருடை அணிந்த பெண் ஒருவர் ஜிப்பைத் திறந்து உள்ளே கைவிட்டார். முதலில் ஒரு குழந்தையின் கால் வெளியே வந்தது. அவர் வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டார். எனக்குப் பின்னால் வரிசையில் நின்ற குடும்பம் இரண்டடி தள்ளிப் போனது.

“பொம்மை, மேடம்,” என்றேன்.

“இது?”

“வயிறு.”

அதற்குள் இன்னும் இரண்டு பேர் கூடிவிட்டார்கள். அடையாள அட்டையைக் காட்டி விளக்கினேன். பிரசவம் பார்க்கும் செவிலியர்களுக்குப் பயிற்சி கொடுக்கப் போகிறேன். இந்தத் துணி வயிற்றை இடுப்பில் கட்டிக்கொண்டு நானே தாயாகப் படுத்துக்கொள்வேன். உள்ளே பொம்மைக் குழந்தை, தொப்புள்கொடி, நஞ்சுக்கொடி எல்லாம் உண்டு. சிவப்புச் சாயத் தண்ணீர் நிரப்ப ஒரு பையும் உண்டு. பயிற்சிக்கு வருகிறவர் எனக்குப் பிரசவம் பார்ப்பார். பொறுமையாகக் கேட்டுவிட்டு அந்தப் பெண், “நீங்க டீச்சரா?” என்றார். என் வயதைப் பார்த்துத்தான் கேட்கிறார் என்று புரிந்தது. “ஆமா,” என்றேன், தேவையானதைவிடச் சத்தமாக.

அந்தச் சத்தத்துக்குக் காரணம் உண்டு. சாத்தூர்ப் பக்கம் தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்த்தவர்கள் என் அம்மாவும் அப்பாவும். இருவரும் கைநாட்டு. எங்கள் வீட்டில் பேனாவால் போடப்பட்ட முதல் கையெழுத்து என்னுடையது. நர்சிங் முடித்து, அதற்குமேல் பேறுகாலச் செவிலியர் படிப்பும் படித்துத் தங்கப் பதக்கம் வாங்கினேன். அம்மா தினமும் போனில் சாப்பிட்டாயா என்று கேட்பதற்கு முன்னால் கேட்பது, “இன்னைக்கு எத்தன கையெழுத்துப் போட்ட, தாயி?” என்பதைத்தான். எண்ணிக்கை கூடுதலாகச் சொன்னால் அன்றைக்கு அவள் குரலே வேறாக இருக்கும்.

இந்தப் பயணத்தில் ஆறு கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. வரவேண்டிய மூத்த பயிற்றுநருக்கு டெங்கு. என்னைத் தனியாக அனுப்பிவிட்டார்கள். லிட்டில் அந்தமான் தீவில் ஹட் பே என்ற ஊர். அங்கே ஆறு செவிலியர்களுக்குப் பயிற்சி. கடைசி நாளில் ஒவ்வொருவரும் போர்ட் பிளேரில் பயின்றபோது தன் கையால் எடுத்த பிரசவங்களின் பதிவேட்டையும் சரிபார்த்து, செய்முறையும் பார்த்து, தகுதியானவர் என்று நான் கையெழுத்திட்டால் அவர்கள் தங்கள் ஊர்ச் சுகாதார நிலையத்திலேயே சுகப்பிரசவம் பார்க்கலாம். இப்போது அந்தத் தீவுப் பெண்கள் நிறைமாதத்தில் கப்பலேறி போர்ட் பிளேர் போகிறார்கள். என் ஆறு கையெழுத்து அவர்களில் பலரைக் கப்பலிலிருந்து இறக்கிவிடும். தவறான ஆளுக்குப் போட்டால் என்ன ஆகும் என்பதும் எனக்குத் தெரியும். விமானத்துக்குக் கீழே வெறும் நீலம் மட்டும் தெரிய ஆரம்பித்தபோது பயிற்சிக் கையேட்டை எடுத்து முதல் பக்கத்திலிருந்து மறுபடி படித்தேன்.

போர்ட் பிளேரில் டாலிகஞ்ச் பக்கம் தங்கினேன். சின்னச் சின்னக் கடைகள், ஏறி இறங்கும் சாலை, எங்கே பார்த்தாலும் ஈரம். எங்கள் ஊரில் மழை என்பது வானத்தைப் பார்த்துப் பேசும் பேச்சு. இங்கே அது சட்டையைப் போல உடம்பிலேயே ஒட்டிக்கொண்டிருந்தது. சாப்பாட்டுக் கடை நடத்தும் அக்காவுக்குப் பரமக்குடிப் பக்கம் பூர்வீகம். மீன் குழம்பில் கடுகு அரைத்த வாசம் அடித்தது. பக்கத்து வீட்டுப் பெங்காலிக்காரியிடம் கற்றுக்கொண்டாராம்.

“மெயின்லேண்டா? இப்ப எங்க?”

“ஹட் பே, அக்கா.”

“கப்பல்லயா? அரே, இப்ப ரஃப் சீசன்மா. எலுமிச்சம்பழம் வச்சுக்க. அங்க போயி தண்ணில காலக் கீல வச்சிடாத. மகர் இருக்கு.”

“மகர்னா?”

“முதல.” இரண்டாவது முறை குழம்பு ஊற்றினார். நான் போதும் என்று இலையை மூடினேன்.

மறுநாள் கப்பல். கடலை அதற்கு முன் நான் கரையில் நின்றுதான் பார்த்திருக்கிறேன். அதன் மேல் உட்கார்ந்து பார்த்ததில்லை. படுக்கை அடுக்கில் கீழ்ப் பலகை எனக்கு. துறைமுகத்தைத் தாண்டியதும் கப்பல் ஒரு பக்கமாகச் சாய்ந்தது, நெடுநேரம் யோசித்தது, பிறகு மறுபக்கம் சாய்ந்தது. ஒவ்வொரு முறையும் இது நிமிராது என்று நினைத்தேன். எதிரே இரண்டு பேர் சீட்டாடிக்கொண்டே ஹிந்தியில் பேசிக்கொண்டார்கள்.

“இது கப்பல் ஆட்டமே இல்லை. போன வாரம் பார்த்திருக்க வேண்டும்.”

“போன வாரம் நீ வாந்தி எடுத்தாய்.”

“வாந்தி எடுத்தது என் மச்சான்.”

மூன்றாவது முறை வாந்தி எடுத்துவிட்டு நான் எலுமிச்சம்பழத்தை மோந்துகொண்டிருந்தபோது என் பெட்டி சறுக்கிக்கொண்டு போய்க் கம்பத்தில் மோதித் திறந்தது. பொம்மைக் குழந்தை வெளியே விழுந்து பலகைகளுக்கு இடையே உருண்டது. யாரோ அலறினார்கள். ஒரு வயதான பெங்காலி அம்மா எழுந்து அதை எடுத்து என்னிடம் கொடுத்தார். ரப்பர் என்று தொட்டதுமே தெரிந்திருக்கும். ஆனாலும் ஒரு கையால் கழுத்தைத் தாங்கித்தான் பிடித்திருந்தார்.

ஹட் பேயில் கப்பல் அணையும் ஜெட்டியில் நாங்கள் இறங்குவதற்கு முன்பே ஏறுகிறவர்கள் திரண்டு நின்றார்கள். அவர்களில் ஒரு நிறைமாதப் பெண். கையில் துணிப் பை, பின்னால் மாமியார், மாமியார் கையில் மண்ணெண்ணெய் ஸ்டவ். போர்ட் பிளேரில் சொந்தக்காரர் வீட்டு வராந்தாவில் வலி வரும்வரை காத்திருக்க வேண்டுமே, அதற்கு. அலை கப்பலைத் தூக்கியபோது ஏணிப்பலகை ஒரு முழம் மேலே போனது. இறங்கியபோது கீழே வந்தது. இரண்டு மாலுமிகள் அவள் தோளைப் பிடித்துக்கொண்டு, “ஏக், தோ…” என்று எண்ணினார்கள். மூன்றுக்கு அவள் தாண்ட வேண்டும். நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது அவள் கப்பலில் இருந்தாள்.

“மேடம்! உல்டியா?” என்று ஒரு குரல். என் வயதுதான் இருக்கும். குடையை எனக்குப் பிடித்துக்கொண்டு அவள் நனைந்தாள். பயிற்சிக்கு வரும் ஆறு பேரில் ஒருத்தி, பெயர் கலா.

“மூணு தடவ வாந்தி,” என்றேன்.

“மூணுதானா? அப்ப நல்ல கப்பல்.”

காலையில் பூரி சப்ஜி. கடற்கரை ஓரமாகவே நடந்து பயிற்சிக்கு ஒதுக்கியிருந்த கூடத்துக்குப் போனோம். வழியில் முதலை படம் போட்ட எச்சரிக்கைப் பலகை. படத்தில் வாய் திறந்திருந்தது. அன்று முழுக்க, கடலைப் பார்க்கிற பக்கமாகத்தான் உட்கார்ந்தேன்.

ஆறு பேரும் வந்திருந்தார்கள். கலா தமிழ், சுமித்ரா பெங்காலி, மற்றவர்களில் ஒருத்தி தெலுங்கு, ஒருத்தி மலையாளம், இருவர் ராஞ்சிப் பக்கத்துக்காரர்கள். பொதுமொழி ஹிந்தி. என் ஹிந்தி ஹாஸ்டலில் கற்றது. சாப்பாடு கேட்கப் போதும், ரத்தப்போக்கை விளக்கப் போதாது. திணறும் இடத்தில் கலா எடுத்துச் சொன்னாள்.

வயிற்றைக் கட்டிக்கொண்டு மேசையில் படுத்தேன். என் கையில் ஒரு குழாய்த் திருகு, ஒரு ரப்பர்க் குமிழ். திருகைத் திறந்தால் சிவப்புத் தண்ணீர் வழியும். குமிழை அமுக்கினால் கருப்பை இறுகும். குழந்தை பிறந்த பிறகு கருப்பை இளகிக் கிடந்தால் ரத்தம் நிற்காது. அடிவயிற்றில் கைவைத்துத் தேய்த்து அதைக் கல் போல இறுக வைக்க வேண்டும். ஊசி போட வேண்டும். உதவிக்குச் சத்தம் போட வேண்டும். இதெல்லாம் நடக்கச் சில நிமிடங்கள்தான் இருக்கும். அவர்கள் சரியாகச் செய்தால் நான் குமிழை அமுக்குவேன்.

“மேடம், இது எத்தனாவது?” என்று என் காலடியில் கையுறை மாட்டியபடி கலா கேட்டாள்.

“காலையிலிருந்து ஏழாவது.”

“கல்யாணத்துக்கு முன்னாடியே ஏழா! வீட்ல தெரியுமா?”

கூடமே சிரித்தது. நானும் சிரித்தேன். சிரிப்பு அடங்குவதற்குள் சுமித்ரா கேட்டாள், “நிஜத்தில் நீங்கள் எத்தனை பிரசவம் எடுத்திருக்கிறீர்கள், மேடம்?”

“நிறைய,” என்றேன்.

பொய். படிப்பு முடிக்க எங்கள் பதிவேட்டில் இருபது பிரசவம் இருக்க வேண்டும், நம் கையால் எடுத்தது. ஆனால் நான் பயின்ற இடத்தில் ஒரு பிரசவ அறைக்கு மூன்று கல்லூரிகளின் மாணவிகள் போட்டி. ஒருத்தி எடுப்பாள், ஐந்து பேர் எழுதிக்கொள்வோம். தாயின் பெயர், நேரம், குழந்தையின் எடை. நாளைக்கு நீ எடுக்கும்போது எனக்குக் கொடு. யாரும் அதைத் திருட்டாக நினைக்கவில்லை. சாப்பாட்டு டப்பாவைப் பகிர்ந்துகொள்வது போல அது ஒரு நல்ல குணம். கொடுக்காதவள்தான் கெட்டவள். என் பதிவேட்டில் இருபது இருக்கிறது. என் கை தொட்டது ஏழு. அதில் ஒன்றில்கூட ரத்தம் மீறிப் போனதில்லை. அந்த இருபதை வைத்துத்தான் பதக்கம், அதை வைத்துத்தான் வேலை, அதை வைத்துத்தான் இந்த மேசை.

அன்று மாலை அம்மா எத்தனை என்று கேட்டபோது, வருகைப் பதிவில் போட்ட ஒன்றைச் சொன்னேன்.

மூன்றாம் நாள் மதியம், கலா வேலை பார்க்கும் சுகாதார நிலையத்தைப் பார்க்கப் புறப்பட்டோம். இங்கே ஊர்களுக்குக் கிலோமீட்டர்தான் பெயர். அவளுடையது ‘பதினாறு கிலோமீட்டர்’. பஸ் பன்னிரண்டாவது கிலோமீட்டரிலேயே டயர் வெடித்து நின்றது. டிரைவர் இறங்கிப் பார்த்து, அதை முன்பே எதிர்பார்த்தவர் போல ஒரு கல்லில் உட்கார்ந்து பீடி பற்றவைத்தார். நடந்தோம். இருபுறமும் கைவிடப்பட்ட எண்ணெய்ப் பனைகள், ஒன்றின் மேல் ஒன்று நிழல். எங்கள் கரிசலில் ஒரு ஆள் வருவது இரண்டு மைலுக்கு முன்பே தெரியும். இங்கே பத்தடிக்கு அப்பால் என்ன இருக்கிறதென்று தெரியவில்லை. ஒரு தேங்காய் விழுந்ததற்கு நான் கலாவின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

“ராத்திரியில வலின்னு கூப்பிட்டா இந்த வழியிலயா போவ?” என்று கேட்டேன்.

“வேற வழி எங்க இருக்கு, மேடம்?”

அவள் வீட்டில் தேங்காய் ரொட்டியும் காரச் சம்பலும் கொடுத்தாள். பால் இல்லாத தேநீரை ‘சாயத்தண்ணி’ என்றாள். தாத்தா காலத்தில் சிலோன் மலைத் தோட்டத்திலிருந்து கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்துக்கு வந்த குடும்பம். கல்யாணமாகி இங்கே வந்திருக்கிறாள். குடும்பத்தில் பத்தாவது தாண்டிய முதல் ஆள் அவளும்தான் என்று தெரிந்தபோது எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது. அப்படியே பதிவேடுகளையும் பார்த்துவிடலாம் என்று ஆறையும் பையில் எடுத்து வந்திருந்தேன். சம்பல் கையைக் கழுவிவிட்டுத் திறந்தேன்.

ஐந்து பதிவேடுகளில் இருபது இருபது. சுமித்ராவின் பதிவேட்டில் அதிகாலை நான்கு பத்துக்கு, இரண்டு கிலோ எண்ணூற்றைம்பது கிராமில் பிறந்த ஒரு ஆண் குழந்தை, மற்ற நாலு பதிவேடுகளிலும் அதே நான்கு பத்துக்கு, அதே எடையில் பிறந்திருந்தது. எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. கலாவுடையதில் பன்னிரண்டு வரிகள். அவற்றில் மூன்றை அளவுகோல் வைத்து அடித்திருந்தாள். மீதி ஒன்பது.

“ஏன் அடிச்ச?”

அவள் ரொட்டிச் சட்டியைத் தேய்த்துக்கொண்டே சொன்னாள். “அதெல்லாம் மத்தவங்க குடுத்தது, மேடம். எல்லாரும் எழுதுறாங்கன்னு நானும் எழுதினேன். அப்புறம் ஒரு தடவ கப்பல்ல வர்றேன். பக்கத்துல ஒரு பொண்ணு, மடியில கைக்கொழந்த. ரெண்டு பேரும் பேசிக்கிட்டே வர்றோம். கொழந்தய நான்கூட வச்சிருந்தேன். ஜெட்டி வந்ததுக்கு அப்புறம் பேரக் கேக்குறேன், சொல்லுது. என் புக்குல பதினொண்ணாவது, அந்தப் பேருதான், மேடம். நான் பிரசவம் பாத்த பொண்ணு, எனக்கு மூஞ்சி தெரியல. இங்க ஒரே கப்பல்தான? எத்தன பேர இப்படிப் பாக்கணுமோன்னு பயமா போச்சு. வீட்டுக்கு வந்து மொதல்ல அதத்தான் அடிச்சேன்.”

விதிப்படி இருபது இல்லாதவருக்குக் கையெழுத்து இல்லை. ஐந்து பேருக்குப் போட வேண்டும், கலாவுக்கு மறுக்க வேண்டும். கலாவிடம் ஒன்பது இருந்தது. அவளைச் சோதிக்க வந்த என்னிடம் ஏழு. ஆறு பதிவேடுகளையும் மறுபடி பையில் வைத்தேன்.

நான்காம் நாள் செய்முறைத் தேர்வு. கடைசியாகக் கலாவின் முறை. பொம்மைக் குழந்தை பிறந்தது, துடைத்து என் மார்பில் போட்டாள், நஞ்சு வந்தது. நான் திருகை முழுக்கத் திறந்தேன். அவள் அடிவயிற்றில் கைவைத்தாள்.

“இளகியிருக்கு,” என்றாள்.

அப்போது மேசை நகர்ந்தது. யாரோ இடித்துவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன். பிறகு சுவர் ஒரு சத்தம் போட்டது, பல்லைக் கடிப்பது போல. தலைக்கு மேல் நின்றிருந்த மின்விசிறி தானாக ஊசலாடியது. “பாஹர்! பாஹர்!” என்று சுமித்ரா கத்தினாள். நாற்காலிகள் விழுந்தன. ஐந்து பேரும் கண்ணிமைப்பதற்குள் வெளியே இருந்தார்கள். சுனாமி பார்த்த ஊர், அவர்களுடைய கால்களுக்கு யாரும் சொல்லத் தேவையில்லை.

என்னால் எழ முடியவில்லை. வயிற்றின் பட்டைகள் மேசைக்கம்பியில் சிக்கியிருந்தன. இருந்தாலும், சிக்காமல் இருந்தால் மட்டும் எழுந்திருப்பேனா என்று தெரியாது. உடம்பு கட்டையாகிவிட்டது. விசிறியின் கொக்கியையே பார்த்துக்கொண்டிருந்தேன். சாத்தூரில் ஏழாவது வகுப்பு மேசையில் பேனாவால் என் பெயரைச் செதுக்கியது நினைவுக்கு வந்தது, ஏனோ.

நில அதிர்வு நின்றுவிட்டது. எவ்வளவு நேரம் என்று சொல்லத் தெரியவில்லை. அப்போதுதான் அடிவயிற்றில் அழுத்தத்தை உணர்ந்தேன். கலா அங்கேயே நின்றிருந்தாள். கண் வாசலிலேயே இருந்தது. ஆனால் அவள் கை வட்டமாகத் தேய்த்துக்கொண்டேயிருந்தது. சிவப்புத் தண்ணீர் மேசையிலிருந்து தரைக்குச் சொட்டியது. நான் திருகை மூடவே இல்லை.

“இறுக்குங்க, மேடம்,” என்றாள். “இன்னும் இளகியே இருக்கு.”

குமிழை அமுக்கினேன். அவள் கையை எடுத்தாள்.

சுமித்ரா வாசலில் வந்து நின்று தலையில் அடித்துக்கொண்டாள். “பைத்தியமா உனக்கு? அது ரப்பர்!”

“தெரியும்,” என்று ஹிந்தியில் சொன்னாள் கலா. “கைய எடுக்க முடியல.”

வெளியே போய் எல்லோரும் மேட்டில் நின்று கடலையே பார்த்தோம். தண்ணீர் உள்வாங்குகிறதா என்று ஜெட்டிப் பக்கமிருந்து ஒருவர் போனில் சொல்லிக்கொண்டிருந்தார். “அப்படியேதான் இருக்கு… அப்படியேதான் இருக்கு…” ஒரு மணி நேரம் அதையே கேட்டோம். யாரோ பிஸ்கட் பொட்டலம் ஒன்றைச் சுற்றுக்கு விட்டார்கள். என் இடுப்பில் இன்னும் வயிறு கட்டியிருந்தது. அந்த வழியாகப் போன ஒரு கிழவர், “நிறைமாசக்காரிய நிக்க வச்சிருக்கீங்களே!” என்று திட்டிவிட்டுப் போனார். அப்போதுதான் எல்லோரும் சிரித்தோம்.

மாலையில் மதிப்பெண் தாளை நிரப்பினேன். கலாவுக்கு ஒரு கட்டத்தில் சுழி போட வேண்டியிருந்தது. அவள் உதவிக்குச் சத்தம் போடவில்லை. கூரை விழுந்திருந்தால் தாயோடு அவளும் போயிருப்பாள் என்பதும் உண்மை. அவள் செய்தது சரியென்று இன்றுவரை என்னால் எழுத முடியவில்லை. தவறென்றும் எழுத முடியவில்லை. எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்: எனக்கு ரத்தம் போனால் அந்தக் கை வேண்டும். அந்த இடத்தில் நான் நின்றிருந்தால் விசிறியைத்தான் பார்த்திருப்பேன்.

ஐந்தாம் நாள் காலை, பயிற்சிக்குப் பொறுப்பான அதிகாரி போர்ட் பிளேரிலிருந்து கூப்பிட்டார். “கையெழுத்துப் போட்டுட்டீங்களா? ஃபைல் காத்திருக்கு.”

“இன்னைக்குப் போடுறேன், சார்.”

ஆறு பதிவேடுகளையும் மேசையில் அடுக்கினேன். ஆறு பேரும் எதிரே. நான்கு பத்துக்குப் பிறந்த குழந்தையை ஐந்து பதிவேட்டிலும் திறந்து வைத்தேன். சுமித்ரா மட்டும் நிமிர்ந்து, “எல்லாரும் செய்வதுதான். உங்கள் காலேஜில் செய்யவில்லையா?” என்றாள்.

இல்லை என்று சொல்லியிருக்கலாம். முதல் நாள் ‘நிறைய’ என்று சொன்னது போல, அதுவும் ஒரே வார்த்தைதான். அப்பா இரண்டு ஷிப்ட் பார்த்துக் கட்டிய ஹாஸ்டல் நாள்களெல்லாம் அந்த ஒரு வார்த்தையில் தொங்கிக்கொண்டிருந்தன.

“செஞ்சோம்,” என்றேன். “நான் எடுத்தது ஏழு.”

சுமித்ராவின் முகம் சிவந்தது. “ஏழா? அப்படியென்றால் எங்களுக்குக் கையெழுத்துப் போட நீங்கள் யார்?”

சரியான கேள்வி. “அதுதான் நானும் யோசிக்கிறேன்,” என்றேன். “ஆனா ஒண்ணு. இந்தப் புக்க நம்பி ஒரு பொண்ணு கப்பல் ஏறாம இங்கயே படுக்கப் போறா. அவளுக்காவது நிஜம் தெரியணும்.”

பிறகு மூலையில் இருந்த தெலுங்குப் பெண் தன் பதிவேட்டை இழுத்து ஒரு வரியை அடித்தாள். அதன் பிறகு நடந்ததை எப்படி விவரிப்பது? ஏலக்கடை போல ஆகிவிட்டது. எந்தப் பிரசவம் யாருடையது என்று ஆறு பேரும் ஒரே நேரத்தில் பேசினார்கள்.

“நாலு பத்து என்னோடது!”

“உன்னோடதா? நீ வாந்தி வருதுன்னு வெளியே நின்னே!”

“வெளியே நின்னது ரெட்டைக் குழந்தைக்கு. இதுக்கு உள்ளே இருந்தேன்.”

“உள்ளே இருந்தே, சரி. டார்ச் பிடிச்சே.”

“டார்ச் இல்லாம எடுத்திருப்பியா நீ?”

மதியத்துக்குள் முடிந்தது. சுமித்ராவுக்கு ஆறு மிஞ்சியது. ஒருத்திக்கு ஐந்து, இருவருக்கு நாலு, ஒருத்திக்கு ஒன்றே ஒன்று. அவள் அழுதாள். சுமித்ரா என்னிடம் பேசவில்லை, ஆனால் அவளுக்குத் தன் கைக்குட்டையைக் கொடுத்தாள்.

ஆறு தகுதிப் படிவங்களிலும் கையெழுத்து இடத்தைக் காலியாக விட்டு, தனியாக ஒரு கடிதம் எழுதினேன். இவர்களுடைய உண்மையான எண்ணிக்கை இது. பொம்மையில் எல்லோரும் தேர்கிறார்கள், பொம்மை போதாது. போர்ட் பிளேர் பெரிய ஆஸ்பத்திரியின் பிரசவ அறையில் ஒருவர் எடுக்க ஒருவர் மட்டும் எழுதி, இருபது முடியும்வரை இவர்களை வைத்திருங்கள். முடித்த பிறகு ஊருக்கு அனுப்புங்கள். பட்டியலில் ஆறு பெயர். ஏழாவதாக என் பெயரையும் அதற்கெதிரே ஏழு என்ற எண்ணையும் எழுதும்போது பேனா வழுக்கியது, உள்ளங்கை அவ்வளவு வேர்த்திருந்தது. கீழே கையெழுத்துப் போட்டுப் படமெடுத்து அனுப்பினேன்.

பத்து நிமிடத்தில் அதிகாரி கூப்பிட்டார். “அவங்க பேரு சரி. உங்க பேர ஏன் எழுதினீங்க?” காரணத்தைச் சொன்னேன். “உங்க இன்ஸ்டிட்யூட்டுக்கு இத அனுப்ப வேண்டியிருக்கும், தெரியும்ல? நாளைக்குக் கப்பல்ல வாங்க. ஆறு புக்கையும் கொண்டு வாங்க. நேர்ல பேசணும்.”

கலா ஜெட்டிவரை வந்தாள். இப்போது அவளுக்கும் கையெழுத்து இல்லை. என்மேல் கோபமா என்று கேட்டேன். “பதினொண்ணு கொறையுது. அனுப்பினா வந்து எடுத்துட்டுப் போறேன்,” என்றாள். பிறகு, “வேல போயிடுமா, மேடம்?” என்றாள். தெரியவில்லை என்றேன். எலுமிச்சம்பழம் இரண்டு கொடுத்தாள்.

கப்பல் ஏறுவதற்குள் அம்மாவின் போன்.

“எத்தன, தாயி?”

“ஒண்ணு.”

“ஆறுன்ன?”

“அது அப்புறம்மா.”

“சரி, அந்த ஒண்ணயாவது கோணாமப் போட்டியா?”

“பேனா கொஞ்சம் வழுக்குச்சு. கோணல.”

ஏணிப்பலகையில் எனக்கு முன்னால் ஒரு நிறைமாதப் பெண். ஏக், தோ. இந்த முறை நான் கண்ணை மூடவில்லை. அவள் முழங்கையைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டேன். எனக்கு எதிர்ப் பலகைதான் அவளுக்கு. அவளுடைய அம்மா உடனே போர்த்திப் படுத்துவிட்டார். கரை மறைந்தது. கப்பல் சாய ஆரம்பித்தது. என் பெட்டி மறுபடி சறுக்கியது. காலால் தடுத்தேன்.

“நீங்க நர்ஸா?” என்று தமிழில் கேட்டாள். சட்டைப்பையில் அடையாள அட்டை தெரிந்திருக்கிறது.

“ஆமா.”

“பிரசவம் பாப்பீங்களா? எத்தன பாத்திருக்கீங்க?”

வாய் தானாகத் திறந்தது. மூடினேன். மறுபடி திறந்தேன்.

“ஏழு.”

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். ஒரு கையை வயிற்றின் மேல் வைத்துக்கொண்டாள். நகர்ந்து உட்காரப் போகிறாள் என்று நினைத்தேன்.

“அப்ப நான் போயிச் சேர்ற வரைக்கும் தாங்கலன்னா,” என்றாள், “நான் எட்டாவதா?”

கப்பல் ஒரு பக்கமாகச் சரிந்து அங்கேயே நின்றது. இருவரும் ஒரே கம்பியைப் பிடித்துக்கொண்டோம். அது நிமிரும்வரை காத்திருந்தேன். பிறகு பெட்டியைத் தள்ளிவிட்டு அவள் பக்கம் போய் உட்கார்ந்து, முதலில் பெயரைக் கேட்டேன்.